சித்திரை விடுமுறையில் நுவரெலியா: முற்பணம் கட்டுமுன் வாசியுங்கள்

சித்திரை விடுமுறைக்குப் பிள்ளைகளை நுவரெலியாவுக்குக் கூட்டிப்போக யோசிக்கிறவர்கள் இதை வாசித்துவிட்டு முற்பணம் கட்டுங்கள். 2025 சித்திரையில், புத்தாண்டும் பெரிய வெள்ளியும் அடுத்தடுத்து வந்த அந்த விடுமுறையில், அம்மாவையும் இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு யாழ்ப்பாணத்திலிருந்து போய் வந்தேன். கணவர் டோகாவில் வேலை. அறை பிடிப்பது, வான் பேசுவது, வழி பார்ப்பது எல்லாம் என் தலையில்தான். எனக்கு முன்னர் போய் வந்தவர்கள் எல்லாரும் படங்களைத்தான் காட்டினார்கள். காசு எங்கே போகும், நேரம் எங்கே போகும், எந்த இடத்தில் நெஞ்சு பதறும் என்று ஒருவரும் வாய் திறந்து சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பாதி அலைச்சல் குறைந்திருக்கும்.

முதலில் ரயிலைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எல்லாருடைய ஆசையும் அங்கேதான் தொடங்குகிறது. நுவரெலியாவுக்குக் கிட்டிய நிலையமான நானுஓயாவிலிருந்து எல்ல என்ற ஊர் வரை ரயிலில் போகவேண்டும் என்பது மூத்தவளின் கனவு. பயணத்துக்கு 30 நாட்களுக்கு முன்னர் ஆசனப் பதிவு திறக்கும். விடுமுறை நாட்களுக்கு அது திறந்த கையோடு முடிந்துவிடுகிறது. பிறகு ஒரு தரகர் போன் எடுத்து, பதிந்த சீட்டு இருக்கிறது, ஆனால் விலை பல மடங்கு என்றார். யாரோ பெயரில் பதிந்த சீட்டை வைத்துக்கொண்டு வயதான அம்மாவோடு ஏறி, நடுவழியில் யாராவது இறங்கச் சொன்னால் என்ன செய்வது? வேண்டாம் என்று விட்டுவிட்டேன். நீங்களும் வாங்காதீர்கள். சிறு பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு முழுப் பாதையும் தேவையே இல்லை. ஹட்டனிலிருந்து நானுஓயா வரையான துண்டிலேயே கொட்டகலை, தலவாக்கலை, கிரேட் வெஸ்டர்ன் என்று மலையும் தேயிலையும் அருவியும் எல்லாம் வந்துவிடும். அன்றன்று கவுண்டரில் கொடுக்கும் பதிவில்லாச் சீட்டோடு, விடுமுறை இல்லாத ஒரு வார நாளில் போனால் உட்கார இடமும் கிடைக்கும். இன்னும் கொஞ்சம் போகலாம் என்றால் 1,897 மீற்றர் உயரத்தில் இருக்கும் பட்டிப்பொல நிலையம் வரை போகலாம். இலங்கையிலேயே உயரமான ரயில் நிலையம் அது. ஆனால் 2025 நவம்பர் கடைசியில் வந்த டித்வா புயலின் மண்சரிவுகள் இந்தப் பாதையைப் பல இடங்களில் உடைத்துப்போட்டன. ஆகையால் எந்தத் திட்டம் போட்டாலும் ரயில் எந்த நிலையம் வரை ஓடுகிறது என்று முதலில் விசாரியுங்கள்.

இனி அறை. சித்திரையில் நுவரெலியாவுக்குப் பருவகாலம். மலர்க் கண்காட்சி, குதிரைப் பந்தயம், கிரகரி வாவிக் கரையில் கடைகள் என்று ஊரே நிரம்பி வழியும். அறை விலை மற்ற மாதங்களைப்போல இரண்டு மூன்று மடங்கு. முகநூலில் ஒரு பழைய பங்களாவின் பக்கத்தைக் கண்டேன். நாலு பேருக்கு ஏற்ற பெரிய அறை, சமையலறை, வாசலில் பூந்தோட்டம். படங்கள் ஒரே நாளில் ஏற்றியவை அல்ல, வருடக்கணக்கில் போட்டவை. போனில் கதைத்தவர் நல்ல மரியாதையான தமிழில், "அம்மாவுக்குக் குளிருமெண்டால் ஹீட்டர் வைச்சுத் தாறன் அக்கா" என்றார். முற்பணமாக 36,000 ரூபா கேட்டார். வங்கிக் கணக்குக்கு அனுப்பினேன், அச்சடித்த பற்றுச்சீட்டின் படம்கூட வாட்ஸ்அப்பில் வந்தது. இப்படித்தான் நடக்கிறது. ஏமாற்றுகிறவர்கள் அவசரப்படுத்துவார்கள், அதட்டுவார்கள் என்று நினைக்காதீர்கள். இவர் அம்மாவின் மருந்தைப் பற்றிக்கூட விசாரித்தார்.

பெரிய வெள்ளியன்று விடிய நாலு மணிக்கு வெளிக்கிட்டோம். கண்டியிலிருந்து நுவரெலியா 77 கிலோமீற்றர், ஆகவே மத்தியானம் கண்டியில் சாப்பிட்டால் பின்னேரம் போய்ச் சேரலாம் என்றுதான் வான் தம்பியும் கணக்குப் போட்டிருந்தார். அன்றுதான் கண்டியில் தலதா வழிபாடு தொடங்கிய நாள். 16 வருடங்களுக்குப் பிறகு புத்தரின் புனித தந்தத்தைப் பொதுமக்கள் தரிசிக்கத் திறந்திருந்தார்கள், 18ஆம் திகதியிலிருந்து 27 வரை. நாடு முழுவதிலுமிருந்து சனம் வந்து குவிந்திருந்தது. கட்டுகஸ்தோட்டையில் வான் நின்றது நின்றதுதான். சின்னவன் இரண்டு தரம் சத்தி எடுத்தான். பெண்கள் ஒதுங்குவதற்கு இடம் தேடி ஒரு கடைக்காரரிடம் கெஞ்சவேண்டி வந்தது. பேராதனையைத் தாண்டிக் கம்பளைப் பக்கம் திரும்பும்போது பின்னேர மழையும் தொடங்கிவிட்டது. சித்திரையில் மலைநாட்டில் காலையில் வெயில் எறித்தாலும் பின்னேரம் இடி மழைதான். அங்கே மழை என்றால் கூடவே மூடுபனி, வானுக்கு முன்னால் பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியாது. புசல்லாவை, ரம்பொடை எல்லாம் இருட்டிலேயே போயின. ரம்பொடை ஆஞ்சநேயர் கோயிலைப் பார்க்க வேண்டும் என்று அம்மா நாள்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தார். அது எந்தப் பக்கம் இருந்தது என்றே தெரியவில்லை.

நுவரெலியாவில் அந்த பங்களா வாசலில் போய் நிற்கும்போது இரவு எட்டரை தாண்டிவிட்டது. படத்தில் இருந்த அதே வீடு, அதே பூந்தோட்டம். கேற்றில் இருந்த காவலாளி டோர்ச்சை அடித்துப் பார்த்துவிட்டு, "இந்த பங்களாவ யாருக்கும் வாடகைக்கு விடுறதில்லீங்கம்மா. உங்கள மாதிரி இந்த வாரத்துல வேற ஆளுங்களும் வந்து நின்னாங்க" என்றார். போன் எடுத்தால் அணைத்து வைத்திருக்கிறது. முகநூல் பக்கம் என் கண்ணுக்குத் தெரியாதபடி மறைந்துவிட்டது. எனக்கு வந்தது கோபமில்லை, பயம். மழை, குளிர், பசித்த பிள்ளைகள், அம்மாவுக்கு மூச்சு இழுக்கத் தொடங்கியிருந்தது. "பிள்ளை, எனக்கொண்டும் வேண்டாம், வீட்ட போவம்" என்று அம்மா சொன்னபோது வானுக்கு வெளியே போய் நின்று அழுதேன்.

அறை கேட்டு ஏறி இறங்கிய இடமெல்லாம் இல்லை என்றார்கள். கடைசியில் கிடைத்த ஒன்றுக்கு ஒரு இரவுக்கு 30,000 ரூபா. கம்பளி ஈரமாக இருந்தது, சுவரில் பூஞ்சணம். நள்ளிரவுக்குப் பிறகு அம்மாவுக்கு முட்டு கூடிவிட்டது. கையில் இருந்த இன்ஹேலர் பிடிக்கவில்லை. 1990க்கு அடித்தேன். சுவசெரிய அம்புலன்ஸ் வந்தது, அதற்குக் காசு கிடையாது, உள்ளே ஏறின உடனேயே ஒக்சிசன் கொடுத்தார்கள். ஆஸ்பத்திரியில் மருந்துப் புகை (நெபுலைசர்) பிடித்து விடியற்காலையில் சரியானார். இந்த இலக்கத்தை வீட்டில் எல்லாருடைய போனிலும் போட்டு வையுங்கள். முட்டு உள்ளவர்களோடு போகிறீர்கள் என்றால் மருத்துவரிடம் முதலே கேட்டு மருந்தைக் கூடுதலாக எடுத்துச் செல்லுங்கள். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர். யாழ்ப்பாணத்து வெக்கையில் இருந்து ஒரே நாளில் அந்தக் குளிருக்கும் ஈரத்துக்கும் ஏறுவது அப்படிப்பட்டவர்களுக்குச் சின்ன விசயமில்லை. அவர்களுக்குப் பண்டாரவளை நல்லது என்று அந்த டொக்டரே சொன்னார். ஏறக்குறைய 1,200 மீற்றர்தான், குளிர் மிதமாக இருக்கும்.

ஆஸ்பத்திரி வாசலில் இருந்து எங்களை ஏற்றி வந்தவர் ஒரு ஓட்டோ அண்ணன், தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவர். கதையைக் கேட்டுவிட்டு, "அக்கா, எல்ல, ஹப்புத்தளை எல்லாத்தையும் இந்தத் தடவ விட்டுருங்க. பெரியம்மாவ வச்சுக்கிட்டு ரோட்டுலயே திரியாதீங்க. எங்க ஊருக்கு வாங்க, ஒரு எடத்துல தங்கி ஆத்தோரமா பாருங்க" என்றார். அவருக்குத் தெரிந்த ஒரு குடும்பம் வீட்டின் மேல்தட்டில் இரண்டு அறை விடுகிறது. அவர் தன் போனில் காணொளி அழைப்பு எடுத்து அந்த வீட்டு அக்காவிடமே அறையைக் காட்டச் சொன்னார். கட்டில், குளியலறை, ஜன்னலுக்கு வெளியே தெரியும் வீதி எல்லாவற்றையும் நேரில் பார்த்த மாதிரிப் பார்த்தேன். காசு வந்து தந்தால் போதும் என்றார்கள், இரவுக்கு 7,000 ரூபா. நுவரெலியா நகரத்தை விட்டுக் கொஞ்சம் இறங்கினாலே சித்திரையில்கூட விலை இப்படித்தான்.

கொத்மலை ஓயாப் பள்ளத்தாக்கைப் பற்றி எனக்கு முதல் ஒன்றும் தெரியாது. ஹோர்ட்டன் சமவெளிப் பக்கத்தில் ஊற்றெடுத்து, தேயிலை மலைகளை வெட்டிக்கொண்டு தலவாக்கலைக்கு வந்து, பிறகு மகாவலியோடு சேருகிற ஆறு. இரு கரையிலும் தண்ணீர் வரைக்கும் தேயிலை. ஹட்டன் வீதியில் கொஞ்சத் தூரத்துக்குள்ளேயே சென் கிளேயர், டெவன் என்று இரண்டு அருவிகள், இரண்டுக்கும் வீதியோரத்திலேயே பார்க்கும் இடம் இருக்கிறது. டெவன் 97 மீற்றர் உயரம், அம்மா வானை விட்டு இறங்காமலே பார்த்தார். சென் கிளேயரைப் பற்றி ஒன்று தெரிந்துகொண்டு போங்கள். 2012இல் தலவாக்கலையில் மேல் கொத்மலை அணை வந்த பிறகு ஆற்றுத் தண்ணீரின் பெரும்பகுதி சுரங்கம் வழியாக மின்நிலையத்துக்குப் போகிறது. தண்ணீர் திறந்துவிடும் நேரத்தில்தான் அருவி அருவியாக இருக்கும். எப்போது நல்லாக வரும் என்று பக்கத்துத் தேத்தண்ணிக் கடையில் கேட்டால் சொல்வார்கள்.

தேயிலைத் தொழிற்சாலையை, அங்கே ஸ்டோர் என்பார்கள், பார்க்கப் போனோம். இயந்திரம் ஒன்றும் ஓடவில்லை. பிள்ளைகளின் முகம் வாடிவிட்டது. வாசலில் இருந்த ஒரு ஐயா காரணம் சொன்னார். நேற்றுப் பெரிய வெள்ளி, மலைக்கு ஆட்கள் இறங்கவில்லை, கொழுந்து வரவில்லை. பறித்த கொழுந்தை இரவு முழுக்க வாட்டவேண்டும். மறுநாள் விடியத்தான் அரைப்பார்கள். அதனால் விடுமுறைக்கு அடுத்த நாளும், ஞாயிற்றுக்கு அடுத்த திங்கள் காலையும் போனால் வெறும் கட்டடத்தைத்தான் பார்க்கலாம். இதை எந்தச் சுற்றுலாப் பக்கத்திலும் நான் வாசிக்கவில்லை. "இன்னைக்குக் கொழுந்து வருது, நாளைக்குக் காலம்பற வாங்க" என்றார். மறுநாள் போனோம். வாட்டிய இலையின் வாசம் வாசலிலேயே வந்தது, ஆப்பிள் பழத்தை நறுக்கின மாதிரி. அரைத்த பச்சை இலை கண்முன்னே செம்பு நிறமாக மாறுவதைச் சின்னவன் கை வைக்காமல் குனிந்து குனிந்து பார்த்தான். ஒரு கிலோ தேயிலைக்கு நாலைந்து கிலோ பச்சைக் கொழுந்து வேண்டும்.

அந்தக் கொழுந்தைப் பறிக்கிறவர்களையும் பார்த்தோம். வீதிக்கு மேலே ஒரு சரிவில், இடுப்பில் படங்கைக் கட்டிக்கொண்டு வரிசையாக நின்றார்கள். மேலே வந்த வேறு வான் ஒன்றிலிருந்து சிலர் இறங்கி, கேட்காமல் கிட்டே போய்ப் படமெடுத்துவிட்டு ஏறிப் போனார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. மகள் போய், "அன்ரி, நான் ஒருக்கா பறிச்சுப் பாக்கலாமா?" என்று கேட்டாள். ஒரு அம்மா சிரித்துக்கொண்டு அவளுடைய விரலைப் பிடித்து, இரண்டு இலையும் மொட்டும் எங்கே ஒடியவேண்டும் என்று காட்டினார். பெருவிரலின் ஓரம் முழுக்கக் கறுப்பாகக் கறை ஏறி வெடித்திருந்தது. அப்போது அவர்களின் நாட்சம்பளம் 1,350 ரூபா. அதற்கும் குறிப்பிட்ட அளவு கொழுந்து நிறுவையில் விழவேண்டும். முதல்நாள் இரவு அந்த ஈரக் கம்பளிக்கு நான் கொடுத்த காசை மனதுக்குள் கணக்குப் பார்த்தேன், 22 நாள் சம்பளம். போகிறவர்கள் தயவுசெய்து கேட்டுவிட்டுப் படமெடுங்கள், ரெண்டு வார்த்தை கதையுங்கள். தமிழர்களாகிய நாங்கள் போய் அவர்களைக் காட்சிப் பொருள்போலப் பார்த்துவிட்டு வருவது பெரிய அநியாயம்.

திரும்பும் வழியில்தான் உயிரே போய் வந்தது. நுவரெலியா வழியாக ரம்பொடைக்கு இறங்கிக்கொண்டிருந்தோம். நுவரெலியாவிலிருந்து கம்பளைக்கு 60 கிலோமீற்றருக்குள்தான், ஆனால் அதற்குள் 1,300 மீற்றருக்கு மேல் இறங்குகிறோம். வான் தம்பி நல்ல சாரதி, ஏ9 வீதியில் அவரை அடிக்க ஆளில்லை. ஆனால் எங்கள் ஊரில் மலையே இல்லை. ஒவ்வொரு வளைவுக்கும் பிரேக்கை மிதித்து மிதித்து வந்தார். கொஞ்சத்தில் றப்பர் கருகிற மணம். "அக்கா, பிரேக் கீழ போகுது" என்று அவர் சொன்ன குரல் இப்போதும் காதில் நிற்கிறது. கியரைக் குறைத்து ஒரு ரொட்டிக் கடையோரமாக எப்படியோ நிறுத்திவிட்டார். சில்லிலிருந்து புகை. தண்ணீர் ஊற்றப் போனவரை அங்கே நின்ற ஒரு லொறிக்காரர் ஓடி வந்து தடுத்தார். "ஊத்தாதீங்க தம்பி, வெடிச்சுரும். தானா ஆறட்டும். ஏறுன கியருல எறங்கணும், பிரேக்க சும்மா தொட்டுக்கிட்டு வரணும்" என்றார். ஒரு மணித்தியாலம் கிட்ட உட்கார்ந்திருந்தோம். பிறகு இரண்டாம் கியரிலேயே கம்பளை வரை ஊர்ந்தோம்.

நாங்கள் வீடு திரும்பிச் சில வாரங்களில், 2025 மே 11ஆம் திகதி விடியற்காலை, அதே நுவரெலியா–கம்பளை வீதியில் கொத்மலை கெரண்டிஎல்லவில் ஒரு பஸ் பள்ளத்தில் விழுந்து 20க்கும் அதிகமானவர்கள் செத்துப்போனார்கள். அந்தச் செய்தியைப் பார்த்துவிட்டு அன்று முழுக்க என்னால் சமைக்க முடியவில்லை. வடக்கு, கிழக்கிலிருந்து வான் பேசிப் போகிறவர்கள் சாரதியிடம் முதலில் கேட்கவேண்டிய கேள்வி, மலை வீதியில் எத்தனை தரம் ஓடியிருக்கிறார் என்பதுதான். இருட்டில் ஏறவும் வேண்டாம், இறங்கவும் வேண்டாம். நானுஓயாவுக்கும் தலவாக்கலைப் பக்கத்துக்கும் இடையில் ரதல்ல குறுக்கு வீதி ஒன்று இருக்கிறது. 2023 தையில் பாடசாலைப் பிள்ளைகளின் பஸ் வானோடும் ஓட்டோவோடும் மோதி 7 பேர் இறந்தது அங்கேதான். நேரம் மிச்சமென்று யார் சொன்னாலும் பிரதான வீதியிலேயே போங்கள்.

ஜெர்மனியில் இருக்கிற மச்சாளிடம் பிறகு இதையெல்லாம் சொன்னேன். அவர்கள் பிள்ளைகளோடு மோசல் ஆற்றுப் பள்ளத்தாக்குக்குப் போவார்கள். அங்கேயும் ஆற்றுக்கு மேலே செங்குத்தான சரிவில் திராட்சை. ட்ரியரிலிருந்து கோப்லென்ஸுக்கு நேராகப் பார்த்தால் 100 கிலோமீற்றர் அளவுதான், ஆற்றோடு வளைந்து போனால் கிட்டத்தட்ட இரட்டிப்பு. "நாங்கள் ஒரு கிராமத்திலதான் தங்குவம், மிச்சத்தப் படகிலயும் பஸ்ஸிலயும் போய்ப் பாத்துட்டு இரவைக்கு அங்கயே வந்திடுவம்" என்றாள். அந்த ஓட்டோ அண்ணன் சொன்னதும் அதேதான். மலைநாட்டில் கிலோமீற்றரைப் பார்க்காதீர்கள், மணித்தியாலத்தைக் கேளுங்கள். நிகழ்நிலை வரைபடம் காட்டும் நேரத்தோடு சித்திரையில் அரைவாசியையாவது கூட்டிப் போடுங்கள். குறுகிய விடுமுறை என்றால் ஒரு பள்ளத்தாக்கு, ஒரு வீடு.

அறை பிடிக்கும்போது, சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையில் பதிந்த இலக்கம் இருக்கிறதா என்று கேளுங்கள். சுற்றுலாத் தொடர்பான விசாரணைக்கு 1912 இருக்கிறது. நேரடிக் காணொளி அழைப்பில் கேற்றையும் வீதியையும் சேர்த்துக் காட்டச் சொல்லுங்கள். அந்த வீட்டுக்குப் பக்கத்துக் கடை ஒன்றின் இலக்கத்தைத் தேடி எடுத்து அவர்களிடமும் விசாரியுங்கள். கணக்கு விடுதியின் பெயரில் இல்லாமல் தனியாள் பெயரில் இருந்தால் போய்க் காசு தருகிறேன் என்று சொல்லிப் பாருங்கள், உண்மையான ஆள் ஏதாவது வழிக்கு வருவார். மழைக்காலத்தில் மண்சரிவு எச்சரிக்கையையும் பார்க்கவேண்டும். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று மூன்று மட்டமாக அறிவிக்கும். செம்மஞ்சள் என்றாலே பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். அனர்த்த முகாமைத்துவத்துக்கு 117.

காலத்தைப் பற்றி அந்த ஸ்டோர் ஐயா சொன்னதுதான் எனக்குப் பிடித்தது. தேயிலை எப்போது நல்லாயிருக்குமோ அப்போது வாருங்கள் என்றார். தலவாக்கலை, திம்புள்ளப் பக்கம் தையிலிருந்து பங்குனி வரை காய்ந்த காற்று, தெளிந்த வானம், அப்போது பறிக்கிற தேயிலைக்குத்தான் மணம் அதிகம். வைகாசியிலிருந்து தென்மேல் பருவமழை அந்தப் பக்கத்தை நனைக்கும்போது, மலைக்கு மறுபக்கம் ஊவாவில், பண்டாரவளை, ஹப்புத்தளைப் பக்கம், வரண்ட காற்று வீசும். ஆடி, ஆவணியில் அங்கே போகலாம்.

முற்பணம் 36,000, அந்த ஒரு இரவுக்கு 30,000, வானுக்குக் காத்திருப்புக் காசாக 12,000, ஆக 78,000 ரூபா வீணாய்ப் போனது. பொலிஸில் முறைப்பாடு கொடுத்திருக்கிறேன், வங்கிக்கும் எழுதினேன். இதுவரை ஒரு சதமும் திரும்பவில்லை. வருகிற மாசியில் கணவர் லீவில் வருகிறார். தலவாக்கலை அக்காவிடம் அதே மேல்தட்டு அறையைச் சொல்லி வைத்துவிட்டேன். புயலில் அவர்கள் வீட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை, ஆனால் வீதி சில இடங்களில் இன்னும் ஒற்றை வழிதானாம். இந்த முறை யாழ்ப்பாணத்திலிருந்து வான் பேசவில்லை. கண்டி வரை பஸ், ஒரு இரவு அங்கே, விடிந்த பிறகு தலவாக்கலையிலிருந்தே ஒரு வான் வந்து எங்களை ஏற்றும். அம்மா ரம்பொடைக் கோயிலைப் பகலில் பார்ப்பார்.